பதினேழாம் எண்

கோலாலம்பூரில் இளம் ஆய்வாளர் விருது வாங்கியபோது மெலிண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேடயத்தை வாங்கினாள், படத்துக்குச் சிரித்தாள், ஈப்போவுக்கு வந்துவிட்டாள். தோட்டத்து ஆட்கள் பாராட்டு விழா வைக்கிறோம் என்று கூப்பிட்டபோதுதான் அந்தக் கேடயத்தைப் பார்க்க முடியாமல் அலமாரிக்குள் தள்ளினாள்.

தோட்டம் என்பது இப்போது பேருக்குத்தான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு இருபது வருஷமாகிறது. பழைய லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மிஞ்சிய குடும்பங்களில் பாதிப் பேர் டவுனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டே ஆடு வளர்க்கிறார்கள். தீபாவளி வந்தால் ஈப்போவே அங்கேதான் ஆடு பிடிக்க நிற்கும். மெலிண்டாவின் அப்பா அலெக்சாண்டர் பிறந்ததும் அதே லயம்தான். அந்த உறவை வைத்துத்தான் ஆராய்ச்சிக்கென்று அவள் உள்ளே போனாள். வேறு எவளாவது ஊசியோடு வந்து ஆட்டுக்கும் ஆளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றிருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள். "நம்ம அலெக்சாண்டர் மகதானே, எடுத்துக்கட்டும்லா" என்று முதலில் கையை நீட்டியவள் கருப்பம்மாள்.

ஆட்டிலிருந்து மனிதருக்கு ஒட்டிக்கொள்ளும் ஒரு காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சி. ஜனவரியில் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும், ஆடுகள் குட்டி போட்ட பிறகு ஜூனில் இன்னொரு முறை. இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆளுக்கு ஓர் எண் எழுதிய அட்டை கொடுத்தாள். கருப்பம்மாளுக்குப் பதினேழு.

பிப்ரவரியில் முடிவு வந்தது. ஆட்கள் யாருக்கும் நோயில்லை. கருப்பம்மாளின் புருஷன் பத்துமலை வளர்த்த ஆடுகளில் மூன்றுக்கு இருந்தது. மூன்றும் சினை ஆடுகள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கால்நடை இலாகாவுக்கும் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடு போனால் இரண்டாவது ரத்தம் ஏது, ஒப்பிட ஏது, மூன்று வருஷ உழைப்பு ஏது? பேராசிரியரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. பத்துமலை போன் போட்டுக் கேட்டபோது, "ரிசல்ட் இன்னும் வரல மாமா" என்றாள். நாலு மாதம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. படித்த மூளைக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது!

மார்ச்சில் ஆடுகள் குட்டி போட்டன. ஜூனில் கருப்பம்மாளின் ரத்தத்தில் நோய் இருந்தது. சுத்தமாக இருந்த ஓர் ஆளுக்கு, ஆட்டுக்குப் பேறு பார்த்த பிறகு நோய். இதைவிடத் தெளிவான சான்று எந்த ஆய்வாளருக்குக் கிடைக்கும்? கட்டுரைக்கு உயிரே பதினேழாம் எண்தான். விருதுக் குழுவும் அதைத்தான் தனியாகச் சொல்லிப் புகழ்ந்தது. ஜூனில் மெலிண்டா அடித்துப் பிடித்து ஓடினாள், இலாகாவுக்கு எழுதினாள், கருப்பம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அதற்குள் நோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் இந்த இரண்டு வருஷமாக நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அப்பாவோடு தோட்டத்துக்குப் போனாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு, மீஹூன் நூடுல்ஸ் பிரட்டி, மைக் கட்டி அமர்க்களம் பண்ணியிருந்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். வாசலிலேயே பத்துமலை பொன்னாடையும் கையுமாகப் பிடித்துக்கொண்டார்.

"வா பாப்பா! நீ மட்டும் கண்டுபுடிக்கலன்னா என் பொண்டாட்டி என்னைக்கோ போயிருப்பா. ஆடு போனா போவுதுலா, ஆளு இருக்காளே!"

பின்னால் தடியை ஊன்றி வந்த கருப்பம்மாள் பழுப்பேறிய அட்டையை நீட்டினாள். "பேப்பர்ல பதினேழுன்னு போட்டிருக்கே, அது நான்தானே? உன் பரிசுல எனக்கும் பங்கு இருக்கு பாத்துக்க!" என்று சிரித்தாள்.

அவள் திட்டியிருந்தால் மெலிண்டா தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"அத்தே, உங்க ஆட்டுக்கு நோவு இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பிப்ரவரியிலயே. ஆட்ட புடிச்சிட்டுப் போயிட்டா என் படிப்பு போயிடும்னு சொல்லல."

பத்துமலைக்கு உடனே பிடிபடவில்லை. "நான் போன் போட்டேனே பாப்பா? வரலன்னியே?"

"பொய் சொன்னேன் மாமா."

அவர் பொன்னாடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கருப்பம்மாள் எதையோ கணக்குப் போடுவதுபோல் நின்றாள்.

"குட்டி போட்ட அன்னைக்கு நீ வந்திருந்தே," என்றாள் மெதுவாக. "மூனாவது ஆட்டுக்கு ரொம்ப சூசாவா இருந்துச்சு, குட்டி வெளிய வரவே இல்ல. நான்தான் கைய உட்டு இழுத்தேன். நீ பக்கத்துல நின்னு படம் புடிச்சே. ரெண்டு கையிலயும் கிளவுஸ், மூஞ்சில மாஸ்க். டவுன்ல வளந்த புள்ளைக்கு ஆட்டு நாத்தம் ஆவலன்னு உன்னைய கேலிகூடப் பண்ணேன்."

"ஆமா அத்தே."

"எனக்கு ஒரு ஜோடி குடுத்திருக்கலாம்ல பாப்பா?"

பையில் ஒரு பெட்டி கையுறை இருந்தது. கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், அந்தப் பயத்தில்தான் கொடுக்கவில்லை என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள் மெலிண்டா. பாவி! கருப்பம்மாள் கையுறை போட்டிருந்தால் நோயில்லை, பதினேழாம் எண்ணே கிடையாது. அன்றைக்கு அந்தத் தொழுவத்தில் நின்றபோது அது தனக்குத் தெரியாமலா இருந்தது?

மைக்கில் அவள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். பத்துமலை பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக வரவில்லை.

"போ, கூப்பிடறாங்க," என்றாள் கருப்பம்மாள். குரலில் இப்போது சிரிப்பில்லை. "இன்னும் ஏழு வீட்டுல ஆடு நிக்கிது. நாளைக்கு இன்னொருத்தி ஊசியோட வருவா. நம்ம புள்ளைன்னு இவங்களும் கைய நீட்டுவாங்க. எங்கிட்ட சொன்னத அங்க போயி சொல்லு."

மெலிண்டா மேடை ஏறினாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்பா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்.

"பதினேழாம் நம்பருக்கு நோவு வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

என்ன கெட்டிக்காரி என்று மண்டபமே கைதட்டியது. அது ஓயும்வரை அவள் மைக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.