முதல் பக்கத்தில் அசித்தான் ஜாரா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கதை எழுத நான் உட்காரவில்லை. மாலியின் தலைநகர் பமாகோவில் அச்சாகும் எங்கள் அரசு நாளிதழுக்கு ஐம்பது வயது. சிறப்பிதழுக்கு அதன் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். ‘தேசத்தின் குரலாய், விடுதலையின்…’ (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

வேறு தொடக்கம். பத்திரிகை பிரெஞ்சில் வரும்; அலுவலகத்துக்குள் சண்டையெல்லாம் எங்கள் பம்பாரா மொழியில் நடக்கும். முதல் பக்கப் படத்தில் தினமும் அமைச்சர் யாருடனாவது கைகுலுக்குவார். முதல் இருபது ஆண்டுகளில் அங்கே செய்தி எழுதியவராக ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை.

3

அசித்தான் ஜாரா பிழை திருத்துபவர். ஆற்றில் படகு கவிழ்ந்த அன்று நிருபர்கள் எல்லாரும் அமைச்சரின் விருந்தில் இருந்தார்கள். இவர் கரைக்குப் போய், பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதி வந்தார். இயக்குநர் திராவோரே செய்தியை முதல் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, அசித்தானின் பெயரை வெட்டிவிட்டார்.

(இடையில் ஒன்று: திராவோரே, ஜாரா இரண்டும் குலப்பெயர்கள்; ஒருவரையொருவர் கேலி செய்யும் முறை உள்ள குலங்கள். ‘பயறு தின்னி’, ‘என் அடிமை’ என்று என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. நாலு பேர் முன்னால் கேட்டதைக் கொடுக்காவிட்டால் மானம் போய்விடும்.)

அசித்தான் அச்சுக்கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

“ஏ திராவோரே, பயறு தின்னி. உன் எஜமானி வந்திருக்கேன்.”

“ஜாராவுல ஏதும்மா எஜமானி? எங்க வீட்டுப் பயறுச் சட்டி கழுவின கூட்டம்தானே நீங்க.”

“கழுவினோம்ல, கூலி குடு. எழுதினது நான். எம் பேரைப் போடு.”

அச்சுக் கோப்பவர்கள் சிரித்தார்கள். “குடுத்துடுங்க ஐயா, உரிமைக்காரி கேக்குறா.”

“அமைச்சர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“அவரும் திராவோரேதானே. அவருக்கும் நான்தான் எஜமானின்னு சொல்லு.”

இயக்குநர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து அவரே அசித்தானின் பெயரை எழுதினார். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் கடைகளில் ஒரு பிரதி மிச்சமில்லை.

4

இதை அசித்தானிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மேசைமேல் எறிந்தார்.

“கேலி பண்ணி வாங்கினேன்னா எழுதுவே? செய்தி நல்லா இருந்துச்சு, போட்டான்னு எழுது.”

“கேலி இல்லாட்டி போட்டிருப்பாராக்கா?”

“அதை அவன்கிட்டதான் கேக்கணும்.”

இயக்குநர் காலமாகிவிட்டார். (‘சாகும்முன் என்னிடம் ஒருநாள்…’ இல்லை, பொய் வேண்டாம்.) முடிவை உங்களிடம் விடுகிறேன். முறைக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்காகக் கொடுத்தார், கேலி வெறும் சாக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். அசித்தானின் பெயரில் மட்டும் இனி யாரும் கைவைக்க முடியாது. அமைச்சரின் படத்துக்கு மேலே அது அச்சாகிவிட்டது.