பிரேக்கில் வைத்த கால்

துடியலூர் சிக்னலுக்கு முன்னால் பள்ளி வேனை நிறுத்தக் காலை அழுத்தினார் கலீல் ரஹ்மான். வேன் நிற்கவில்லை. வலது காலின் ரப்பர் செருப்பு கழன்று பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்தது. சட்டென்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு சாண் தள்ளி வண்டி குலுங்கி நின்றது. உள்ளே பதினொரு பிள்ளைகள். ஒரு சின்னவள் மட்டும் அழுதாள்.

செருப்பு கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை நோய். பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டு வந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளி மேலாளர் சரவணன் திட்டவில்லை. "ஏனுங்க பாய், வண்டியில செருப்பு வேண்டாமுங்க. நல்ல ஷூவா வாங்கிப் போட்டுக்குங்க" என்றதோடு விட்டார்.

அன்று மாலையே உக்கடத்தில் ஒரு ஷூ கடைக்குப் போய், வேன் ஓட்டப் போட வேண்டும் என்றார். கடைக்காரர் விவரமானவர். "தடிச்ச அடி வேண்டாமுங்க. குதிகாலைப் பிடிச்சு நிக்கோணும், வழுக்கக் கூடாது. மிதிக்கறப்போ பெடல் எவ்வளவு எறங்குதுன்னு காலுக்குத் தெரியோணும். இதைப் போட்டு ஊனிப் பாருங்க."

கலீல் ஊன்றினார். அப்புறம் இன்னொரு ஜோடி. அப்புறம் இன்னொன்று.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

எல்லாமே பஞ்சின் மேல் நிற்பது போலத்தான் இருந்தன. கடைசியாகப் போட்டதையே வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் ஓட்டினார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ரோட்டைப் பார்ப்பதை விட்டுக் குனிந்து காலைப் பார்த்தார். ஐந்தாம் நாள் வீட்டில் ஷூவைக் கழற்றியதும் மனைவி ரம்லா பதறினாள்.

"யா அல்லா! ரத்தமுங்க!"

சாக்ஸ் நனைந்திருந்தது. ஷூவைக் கவிழ்த்தாள். கூரான ஜல்லிக்கல் ஒன்று விழுந்தது.

"இதோடவா ஓட்டுனீங்க? வலிக்கலீங்களா?"

"தெரியல, ரம்லா."

தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். அவள் விரல் காலில் படுவதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

"வேற ஷூ பாக்கலாமுங்க..."

"எந்த ஷூவுக்கும் இந்தக் கால்தானே?"

மறுநாள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போய், சரவணனிடம் சாவியை நீட்டினார். காரணத்தைச் சொன்னார். சரவணன் சாவியை வாங்கி மேசையில் வைத்தார்.

"ஓட்டறதைத் தவிர வேற வேலை தெரியாதுங்க தம்பி. ஸ்கூல் கேட்டுல நிக்கறதுக்காச்சும் ஆள் வேணுங்களா?"

"நாள் பூரா நிக்கோணுமே பாய். இந்தப் புண்ணோட எப்படிங்க?"

"ஆமாங்க" என்றார் கலீல்.

வேறு ஒருவர் வேனைக் கிளப்பி வெளியே கொண்டுபோனார். கலீல் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.