பச்சைத் தண்ணீர்

கோவிந்தம்மாள் நீட்டிய தம்ளரைச் சவுரிராயன் கையால் மறித்தான். தண்ணீர் தளும்பி, படுத்திருந்த அவன் மனைவி லூர்துமேரியின் போர்வையில் சிந்தியது.

"இன்னாண்ணே, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தாகம்னு வாய்விட்டுக் கேக்குது. ஒரு வாய் குடுத்தா இன்னா?"

"நன்மை வாங்கப்போவுது கோவிந்தம்மா. சாமியார் வந்து அப்பத்தை நாக்குல வைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது. எங்க வேதத்துச் சட்டம்."

"நல்ல சட்டம்! எங்க மயிலத்து முருகன்கிட்ட இந்தப் பேஜாரெல்லாம் இல்லப்பா." பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனாள்.

அந்தச் சட்டம் அவனுக்குத் தெரிந்ததே அதைக் கேலி பேசித்தான். மாதா கோயிலில் அவன் சாதிக்காரர்களுக்குத் தனியாகக் கம்பி கட்டிப் பிரித்திருந்தார்கள். 'கம்பியைப் புடுங்கட்டும், அப்பறம் வர்றேன்' என்று ஒரு நாள் வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. லூர்துமேரி போனாள். "சாமி கம்பிக்கு இந்தப் பக்கமும்தாங்க வர்றாரு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வெறும் வயிற்றோடு முக்காடு போடும்போது, அவன் வேண்டுமென்றே எதிரில் உட்கார்ந்து கேப்பங்கூழை உறிஞ்சிக் குடிப்பான். "உன் சாமி கூழுகூட ஊத்தமாட்டாரா?" அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். பூசை முடிந்து வருகையில் அவள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அதைப் பார்த்தால் அவனுக்கு எரிச்சல் வரும். பொறாமை என்று அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

விழுப்புரத்து டாக்டர் கைவிரித்து அனுப்பிய பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். சாமியார் வரவேண்டும். விடிந்ததும் அவனே ஓடினான். சாமியார் வல்லம் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பினான். யுத்த காலத்துக் கரி பஸ் வழியில் எங்கே நின்றுபோனதோ, திண்டிவனத்தில் வெயில் உச்சிக்கு ஏறியும் அவரைக் காணவில்லை.

"தண்ணி..." என்றாள் மறுபடியும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ மேரி. இத்தினி வருசம் உன்னைக் கேலி பண்ணிக்கினே இருந்துட்டேன். இன்னிக்காவது எல்லாம் சரியா நடக்கட்டும். த பாரு, நானும் ஒண்ணும் குடிக்கல."

அவள் அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. தலைமாட்டிலிருந்த செபமாலையை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்போ... செபம் சொல்லுங்க."

மண்டியிட்டான். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று தொடங்கி நடுவில் நின்றான். அவள் காய்ந்த உதட்டால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தாள்.

"மறந்தே பூட்டேன் பாரு."

"மறக்கல. துரு ஏறிக்கிச்சு."

இருவரும் சிரித்தார்கள். மணி மணியாக நகர நகர, அவன் குரல் தடுமாறாமல் வந்தது. கம்பியும் கோபமும் நினைவில் இல்லை. வெகுகாலத்துக்குப் பிறகு, யாரோ தன்னையும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு தண்ணீர் கேட்கவே இல்லை.

சாமியார் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. குனிந்து அவள் உதடுகளைப் பார்த்தார். வெடித்திருந்தன.

"தண்ணி எப்போ குடுத்தீங்க?"

"குடுக்கவே இல்ல சாமி. காலையிலேர்ந்து ஒரு சொட்டு படல" என்றான், கொஞ்சம் பெருமையோடு.



"சாகக் கிடக்கிறவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாதுப்பா" என்றார் சாமியார், தாழ்ந்த குரலில். "ஒரு கரண்டி தண்ணி கொண்டா, ஜல்தி."

அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, நீரோடு சேர்த்து நாவில் வைத்தார். அது இறங்கியது. அடுத்த கரண்டித் தண்ணீர் கடைவாயில் வழிந்துவிட்டது. அவள் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைவு வந்திருந்தது. சாமியார் செபத்தை முடிப்பதற்குள் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை விழுப்புரத்திலிருந்து ரயிலேறி வந்த தங்கை இருதயமேரி, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தாள். சவுரிராயன் சுவரோடு சாய்ந்திருந்தான்.

"தெரியாமப் போச்சு இருதயம். அந்தச் சட்டம் இல்லைன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமே மாமா. எங்க மாமியார் சாகக் கிடந்தப்போ நானும் இப்படித்தான் தண்ணி குடுக்காம குந்திக்கினு இருந்தேன். அக்காதான் வந்து என்னைத் திட்டிட்டு வாயில ஊத்துச்சு. உங்ககிட்ட அது ஒண்ணும் சொல்லலியா?"

அவன் கை, மேரி தன் பக்கம் தள்ளிவிட்ட செபமாலைக்குப் போனது. இருதயமேரி எழுந்தாள்.

"அக்காவைக் கொல்லைக்குத் தூக்கியாரணும், நீங்க போய் ஓரமா நில்லுங்க மாமா. குளிப்பாட்டணும்."

பெண்கள் லூர்துமேரியைக் கொல்லைக்குத் தூக்கிவந்து பலகையில் கிடத்தி, சுற்றிலும் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். கோவிந்தம்மாள் கிணற்றுக்கும் மறைப்புக்குமாக நடந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே சொம்பு சொம்பாக ஊற்றும் சத்தம் கேட்டது. சேலையின் அடியால் கசிந்து வந்த நீர் மண்ணை நனைத்து, வளைந்து வளைந்து வந்து அவன் பாதங்களைத் தொட்டது. விரலிடுக்குகளில் புகுந்து, அந்தப் பக்கமாக ஓடியது.

அவன் காலை நகர்த்தாமல் நின்றான்.