மூடியின் அடிப்பக்கம்

அந்த பெட்ரோல் பங்கில் பெட்ரோல் விற்பதை யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. அதை எவன் வேண்டுமானாலும் விற்பான் என்பார் மேனேஜர் கமதா. வந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைக் குறை சொல்லி, வைப்பரைக் குறை சொல்லி, கூட ஏதாவது ஒன்றைத் தலையில் கட்டி அனுப்புவதுதான் திறமை. அதற்கென்று அலுவலக அறைச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. எஞ்சினுக்குள் ஊற்றிக் கசடை எடுக்கும் மருந்து ஒரு டின் விற்றால் விற்றவர் பெயருக்கு நேரே ஒரு காகிதப் பூ. மாதத்துக்குப் பத்துப் பூ வர வேண்டும். ஜனவரி முடிய இரண்டே நாள் இருந்த அந்த வியாழக்கிழமை, அங்கே வேலை பார்க்கும் சயோரியின் பெயருக்கு நேரே ஒன்பது பூ இருந்தது.

ஒரு பூவில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வசந்தம் வந்தால் அந்த பங்கில் வாடிக்கையாளரே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் இயந்திரம் வரப்போகிறது. இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை. ஹோண்டோ என்ற மற்றவனுக்குப் பதினான்கு பூ. சயோரிக்கு முப்பத்தாறு வயது. கணவனை விட்டு வந்த பிறகு அந்த மலையடிவாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை இது. அகிதா மாவட்டத்துப் பனியில் வேறு வேலை தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை.

"எஞ்சினுக்கு டயாலிசிஸ்னு சொல்லு" என்று காலைக் கூட்டத்தில் கமதா சொல்லியிருந்தார். "இந்த ஊர்ல பாதிப் பேர் கிழடு. ஆயிலு, கசடுன்னா தூங்கிடுவாங்க. டயாலிசிஸ்னா நிமிர்ந்து உட்காருவாங்க. அப்புறம், ரெண்டு நாள் சத்தம் வந்தா பயப்படாதீங்க, அழுக்கு கழலுதுன்னு அர்த்தம், அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லி வை. இல்லேன்னா மறுநாளே வந்து நிப்பாங்க."

மதியம் கன்னாரியின் வெள்ளைக் கார் வந்தது. பதினேழு வயதுக் கார். கன்னாரிக்கு எழுபத்தெட்டு. மேல்பள்ளத்தாக்கில் மனைவி கினுவோடு தனியாக இருக்கிறார். கினுவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் மலைக்கணவாய் தாண்டி நகரத்து மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். பள்ளத்தாக்குக்குப் பஸ்ஸை நிறுத்தி நான்கு வருடமாகிறது. ஆக, கினுவின் உயிர் அந்த வெள்ளைக் காரில்தான் போய் வந்துகொண்டிருந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், சயோரிக்கும் தெரியும்.

"நிறைச்சிடு பொண்ணே" என்றார் கன்னாரி, கண்ணாடியை இறக்கி. பக்கத்தில் கினு, மடியில் கம்பளி விரித்து, முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயில் எப்ப மாத்தினீங்க கன்னாரி சான்?" என்று மரியாதைச் சொல் சேர்த்தே கேட்டாள் சயோரி.

"ஆயிலா? நவம்பர்லதான் அரசாங்கச் சோதனை தேறிச்சு. பார், சீட்டு ஒட்டியிருக்கு. தேறின வண்டிக்கு ஆயில் எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு முந்தின சோதனையப்போ மாத்தினது."

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். சீட்டு ஒட்டிய கார் என்றால் அவர்களுக்குக் கோயில் தாயத்து கட்டினது மாதிரி, குறையே வராது. சோதனையில் பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள். ஆயில் மூடியை அங்கே ஒருவரும் திறப்பதில்லை என்பது சயோரிக்குத் தெரியும்.

அவள் திறந்தாள். மூடியின் அடிப்பக்கம் முழுவதும் கறுப்பாக, விரல் நகம் அழுந்துகிற கனத்துக்கு அப்பியிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். இரும்பே தெரியவில்லை. மருந்து டின்னின் பின்பக்கத்தில், யாரும் படித்துவிடக் கூடாது என்பது போன்ற சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. கசடு தடித்துப் படிந்த எஞ்சினில் ஊற்ற வேண்டாம் என்ற வரி. ஊற்றினால் கசடு கரையாது, கட்டி கட்டியாகக் கழலும். கழன்றது ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நாக்கு வறண்டு செத்துப்போகும். சயோரி அந்த வரியைப் படித்திருந்தாள். மனப்பாடமாகவே தெரியும்.

வெறும் ஆயிலை மாற்றி, அடுத்த மாதம் மறுபடி வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரி. ஆனால் வெறும் ஆயிலுக்குப் பூ கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் கமதா காப்பிக் குவளையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறின வண்டிதானே என்று அவளும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தப்புச் செய்யப் போகிறவருக்குச் சாக்குக் கிடைக்காமல் போனதாகக் கதையே இல்லை.

"ஆயிலோட ஒரு மருந்தும் ஊத்திடலாமா? கினு சானுக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்கல்ல, அதே மாதிரிதான். எஞ்சினுக்கு டயாலிசிஸ்."

கன்னாரி வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டியா கினு? உனக்கு ஜோடி கிடைச்சாச்சு. ஊத்து பொண்ணே, ஊத்து. அது நல்லா இருந்தாத்தானே இவ நல்லா இருக்க முடியும்?"

கினு சிரிக்கவில்லை. சயோரியின் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள், பிறகு சயோரியைப் பார்த்தாள். சயோரி மூடியைத் துணியால் துடைத்தாள்.

மருந்தை ஊற்றிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டாள். கீழே திருகைக் கழற்றியபோது பழைய ஆயில் சரளமாக வடியவில்லை. நின்றது, திக்கித் திக்கி வந்தது, மறுபடி நின்றது. ஆனாலும் புது ஃபில்டர் மாட்டி, புது ஆயில் ஊற்றி, கதவு விளிம்பில் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, "ரெண்டு நாள் சத்தம் கித்தம் வந்தா பயப்படாதீங்க, அழுக்கு கழலுது" என்று அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிவிட்டாள். தெருவில் இறங்கி, வண்டி கண்ணுக்கு மறையும் வரை இடுப்பு வளையக் குனிந்து நின்றாள். அது பங்கின் விதி.

பத்தாவது பூவை கமதாவே ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. சயோரிக்குச் சோறு இறங்கவில்லை. காலைக் கூட்டத்தில் கமதா அவளைக் கைதட்டிப் பாராட்டியபோது, அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுவது போலிருந்தது. கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனாள்.

"மேனேஜர், நேத்து கன்னாரி சான் வண்டில மூடியெல்லாம் ஒரே கசடு. ஊத்தியிருக்கக் கூடாது."

"சோதனை தேறின வண்டிதானே?"

"அதுல ஆயிலப் பார்க்க மாட்டாங்களே."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

கமதா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பார்க்கல. புரியுதா? பதினேழு வருஷ வண்டி, நின்னா வயசாகி நிக்குது. நீ வாயத் திறந்தா பங்குக்குத்தான் கெட்ட பேரு. போ, முன்னால பனியத் தள்ளு."

அவள் தள்ளவில்லை. கன்னாரி வீட்டுக்கு போன் போட்டாள். எடுக்க ஆளில்லை. கைபேசிக்குப் போட்டாள், அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. கன்னாரி கைபேசியைத் தொலைந்துவிடக் கூடாதென்று வீட்டு அலமாரியிலேயே பூட்டி வைக்கிற மனிதர். மணி எட்டேகால். கிளம்பியிருப்பார்கள். அவள் சீருடையோடு தன் சின்னக் காரில் ஏறினாள். பின்னால் கமதா என்னவோ கத்தினார். அது காதில் விழாத தூரம் வரும்வரை அவள் மிதித்த காலை எடுக்கவில்லை.

கணவாயில், சுரங்கப்பாதைக்கு முந்திய கடைசி வளைவில், வெள்ளைக் கார் ஓரமாக நின்றிருந்தது. பனி அதன் மேல் ஏற்கெனவே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. கன்னாரி பின்னால் நின்று வரும் வண்டிகளுக்குச் சிவப்புத் துணி காட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அந்தத் துணியோடு குனிந்து வணங்கினார்.

"வேலை நேரத்துல உனக்குத் தொந்தரவு குடுத்துட்டோமே பொண்ணே! யார் சொன்னாங்க உனக்கு? ஏறும்போதே கெண்டி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு, டக்கு டக்குன்னு ஒரே சத்தம். நீதான் சொல்லியிருந்தியே, அழுக்கு கழலுதுன்னு. அதான் நிறுத்தாம மிதிச்சேன். வயசான வண்டி, பாவம், அதால முடியல. வண்டில வந்த ஒருத்தர் நின்னு இழுவை வண்டிக்கு போன் பண்ணிட்டுப் போனார்."

எஞ்சினுக்கு ஆயில் போய்ச் சேராததைச் சொல்லும் விளக்கு அது; அப்போதே நிறுத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். பயப்படாதீங்க என்று சொன்னது அவள் வாய். காருக்குள் ஹீட்டர் இல்லாமல் கினுவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

"நான் இங்க இல்லேன்னா இழுவை வண்டிக்காரன் தேடுவான். இவளக் கூட்டிட்டுப் போ. ஒன்பது மணிக்கு ஊசி குத்தணும். உன்ன மாதிரி ஒருத்தி கையில வண்டியக் குடுத்ததுக்கு இன்னிக்குத்தான் பலன்" என்று மறுபடி குனிந்தார்.

சுரங்கம் தாண்டும் வரை கினு ஹீட்டர் சூட்டில் விரல்களை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"எனக்கு ஊசி குத்துறதுக்கு முன்னால என்ன பண்ணுவாங்க தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"எடை பார்ப்பாங்க. பிரஷர் பார்ப்பாங்க. கால அமுக்கிப் பார்ப்பாங்க. நேத்து எப்படித் தூங்கின, என்ன சாப்பிட்டன்னு நர்ஸ் நச்சரிப்பா. ஏதாவது சரியில்லேன்னா மெஷின மெதுவா விடுவாங்க. வேகமா சுத்தம் பண்ணினா ஆள் போயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டயாலிசிஸ்னு சொன்னியே நேத்து. ஊத்துறதுக்கு முன்னால பார்த்தியா நீ?"

பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கமதா அதைக் காலையிலேயே அவள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன், நீ மூடியத் துடைச்சதை."

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வந்தது. இறங்கிய பிறகு கினு அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"அந்த மனுஷன் வழி பூரா, அந்தப் பொண்ணு நம்ம வண்டிய எப்படிப் பார்த்துக்குது பாருன்னு சொல்லிட்டே வந்தார். இன்னொரு தடவை அதை என் காதால கேக்க வெச்சிராத. நீயே போய்ச் சொல்லிடு."

சயோரி திரும்பிக் கணவாய்க்கு ஓட்டினாள். வழியில் மூன்று தடவை கமதா கூப்பிட்டார். மூன்றாவது முறை போனை அணைத்தாள். அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது என்று எரிச்சலும் வந்தது.

இழுவை வண்டி இன்னும் வரவில்லை. கன்னாரி புருவமெல்லாம் பனியாக நின்றிருந்தார். "சேர்த்துட்டியா? நல்லது, நல்லது" என்று காருக்குள் குனிந்து ஒரு காகிதப் பையை எடுத்து அவள் கையில் திணித்தார். உலர்த்திய சீமைப் பனிச்சைப் பழம். "வீட்டு மரத்துது. கினுவுக்கு ஆகாது, டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டார். திரும்பும்போது உனக்குக் குடுக்கணும்னு எடுத்து வெச்சேன்."

பையை வாங்கிய கையோடு அவள் சொன்னாள். மூடியைத் திறந்தபோதே பார்த்ததை, டின்னின் பின்னால் இருக்கும் வரியை, ஆயில் திக்கித் திக்கி வடிந்ததை, சத்தம் வந்தால் பயப்படாதீர்கள் என்பது யாரோ சொல்லிக்கொடுத்த வசனம் என்பதை, சுவரில் ஒட்டிய பூவை. ஒன்றையும் விடவில்லை.

"பூவா?" என்றார் அவர், அது மட்டும் புரியாதவராக.

"காகிதப் பூ."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் காரின் கதவைத் திறந்து, அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நேற்றைய தேதி இருந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"திங்கக்கிழமை எப்படிக் கூட்டிட்டுப் போறது?" காரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான் வர்றேன் கன்னாரி சான். திங்கள், புதன், வெள்ளி. வேற வண்டி கிடைக்கிற வரைக்கும். எட்டு மணிக்கு வாசல்ல நிப்பேன்."

"உன்ன நம்பியா?"

அதில் கேலி இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இழுவை வண்டி வந்து வெள்ளைக் காரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு மணிக்கு கினுவை அழைத்துவர வேண்டும். அந்த ரோட்டில் வேறு வண்டியும் இல்லை. சயோரி தன் காரின் முன்கதவைத் திறந்து, சீட்டில் விழுந்த பனியைக் கையால் தட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னாரி அவளைச் சுற்றிக்கொண்டு போய், பின்கதவைத் தானே திறந்து, பின்சீட்டில் உட்கார்ந்தார்.