ஜெலிக் போடாத கையெழுத்து

தேசியப் பளுதூக்கும் சாதனைப் பதிவேட்டில் ஜெலிக்கின் பெயர் இருக்காது. தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, அவன் தூக்கியதெல்லாம் கட்டுக்கதையா என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நூற்றிருபத்தேழரை கிலோவைத் தட்டுத் தட்டாகக் கம்பியில் மாட்டியவனே நான்தான். லோட்ஜ் நகரத்தில் எங்கள் யூத விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர், கூட்டிப் பெருக்குகிற ஆள், எல்லாம் இந்த ஃபைவல்தான்.

ஜெலிக் பலூட்டிப் பேட்டையில் நிலக்கரி மூட்டை சுமந்து வளர்ந்தவன். அவன் அப்பா மென்டலுக்கும் அதே வேலை. நாலாவது மாடிக்கு மூட்டையோடு ஏறும்போதும் ஜெலிக்கின் வாய் சும்மா இருக்காது, பாடிக்கொண்டே போவான். பத்தொன்பது வயதில் கழகத்துக்கு வந்தான். அதற்கப்புறம் ஐந்து வருடத்தில் நான்கு முறை மாகாண சாம்பியன். ஹெர்ரிங் மீன் விற்கிற பெண்கள்கூட அவனைப் பார்த்தால் நிறை கூட்டிப் போட்டார்கள். மென்டல் மட்டும் மசியவில்லை.

"மூட்டையத் தூக்குனா எங்கயாவது கொண்டுபோய் இறக்கணும். இவன் தூக்குன எடத்துலயே வைக்கிறான். அதுக்கு ஒரு கோப்பை வேற," என்பார்.

போட்டிகள் எல்லாம் சனிக்கிழமையில்தான் வரும். யூதர்களுக்கு அது எந்த வேலையும் செய்யக் கூடாத ஓய்வுநாள். அன்று ஜெபக்கூடத்தையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போகாதவர் மென்டல். மகன் தூக்கி ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. கேட்டால் ஜெலிக் சிரித்து மழுப்புவான். ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் மேடையேறுமுன் வாசலை ஒரு தடவை பார்ப்பான். நான் கவனித்திருக்கிறேன்.

ஓய்வுநாளில் பளு தூக்குவது வேலையா, இல்லையா? அந்தக் குளிர்காலம் முழுக்க ஜெபக்கூடத்தில் இதே சண்டை. இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. கடைசியில் எங்கள் மதகுரு ரபியிடம் போனார்கள். அவர் தாடியை நீவிக்கொண்டு, மென்டல் சொல்லிக் குறைபட்டதையே காரணமாக்கிவிட்டார். தூக்கிய இடத்திலேயே வைப்பதால் அது ஓய்வுநாளில் விலக்கப்பட்ட சுமந்து செல்வது ஆகாது, வேடிக்கை பார்ப்பதில் பாவமில்லை என்றார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. மென்டல் எங்கள் கழகக் கூடத்துக்கு வந்துவிட்டார். சட்டைப்பையில் எதையும் எடுத்துப்போகக் கூடாத நாள் என்பதால் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் ஜெலிக்குக்கு முகம் வெளுத்தது. முதல் இரண்டு முயற்சியும் போயிற்று. மூன்றாவதில் கம்பி தலைக்கு மேல் போய் அசையாமல் நின்றது. நாட்டிலேயே அந்த எடைப் பிரிவில் யாரும் அவ்வளவு தூக்கியதில்லை. கூடம் அதிர்ந்தது. மென்டல் கைக்குட்டை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வார்சாவிலிருந்து வந்திருந்த நடுவர் கமின்ஸ்கி படிவத்தை நீட்டினார். தூக்கியவன் கையெழுத்து இல்லாமல் சாதனை செல்லாது. அதுவும் நடுவர் கிளம்புவதற்குள் போட்டாக வேண்டும். அவருக்கு ஆறு மணிக்கு ரயில். ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று விண்மீன் தெரிய ஒன்பதரை ஆகும். அதுவரை எழுதுவதும் விலக்கப்பட்ட வேலைதான்.

ஜெலிக் ஒன்றும் மகான் இல்லை. ஓய்வுநாளில் கரிக்கொட்டகைக்குப் பின்னால் அவனும் நானும் எத்தனை சிகரெட் பிடித்திருப்போம்! அந்தத் தைரியத்தில் பேனாவை அவன் கையில் திணித்தேன். அப்போது மென்டல் எழுந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

ஜெலிக் பேனாவைக் கீழே வைத்தான்.

"போடுடா. அவருதான் போயிட்டாரே," என்றேன்.

"மூஞ்சியத் திருப்பிட்டுப் போனாரு பாத்தியா? இப்பப் போட்டேன்னா இனிமே எங்கப்பா இந்தப் பக்கமே வரமாட்டாருடா."

கெஞ்சினேன், திட்டினேன். அவனுக்குப் பதில் நான் போடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், கமின்ஸ்கி முறைத்தார். கெட்டவரில்லை, ஐந்தே முக்கால் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தூக்கி ஜெலிக்குக்கு வணக்கம் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கிழவரை நான்கு வார்த்தை கேட்டுவிடுவது என்று முற்றத்துக்குப் போனேன். அடிபம்புப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். கூடத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதிட்டானாடா?"

"இல்ல மாமா. நடுவர் போயிட்டாரு."

விருட்டென்று திரும்பினார். "ஏன்?"

"நீங்க மூஞ்சியத் திருப்பிட்டுப் போனா எப்படிப் போடுவான்?"

பம்பைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, என் முன்னாடி எழுத மாட்டான்னுதானேடா வெளிய வந்தேன். நான் பாக்கலன்னா எழுதிருவான்னு நெனச்சேனே."

ஜெலிக் என் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கையில் இன்னும் பிடி வழுக்காமல் இருக்கப் பூசிய சுண்ணப்பொடி.

"நூத்தி இருபத்தேழரைப்பா," என்றான்.

"தெரியும்," என்றார் மென்டல். "நான்தான் பாத்தேனே."