மகாராணி சாப்பிட்டாளா?

தொழிற்சாலைக் கேன்டீனில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறேன். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தவனை நான் சும்மா விட்டதில்லை. "என்ன குறை?" என்று வாசல்வரை துரத்திப் போய்க் கேட்பேன். அந்தத் திமிர்தான் மகள் வளர்க்கும் சிலந்தியிடமும் வேலையைக் காட்டியது.

மூலையில் வலை கட்டுகிற சுண்டைக்காய்ச் சிலந்தி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மயிரடர்ந்த டரான்டுலா. பெயர் மகாராணி. பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பிய மகள், கண்ணாடிப் பெட்டியையும் ஒரு டப்பா சுவர்க்கோழிப் பூச்சிகளையும் என்னிடம் ஒப்படைத்தாள்.

"நாலு நாளைக்கு ஒரு பூச்சி போடுங்கப்பா. சாப்பிடலன்னா உடனே சொல்லுங்க."

"எனக்கே பரிமாறச் சொல்லித் தர்றியா?"

முதல் சுவர்க்கோழி மகாராணியின் காலடியிலேயே உலாத்தியது. அவள் சீண்டவில்லை. சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்.

"மகாராணி சாப்பிட்டாளாப்பா?"

"ஒரு பிடி பிடிச்சுட்டா."

நானூறு பேருக்குச் சோறு போடுகிறவன், ஒரு சிலந்தி என் கையால் சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? பொய் கூசாமல் வந்தது.

பிறகு மகாராணியின் வயிறு கறுத்தது. தரையில் வெள்ளையாக ஒரு வலை விரித்து, அதிலேயே கிடந்தாள். பசிதான் என்று முடிவு கட்டி இன்னும் மூன்று பூச்சிகளை உள்ளே விட்டேன். தினமும் அதே கேள்வி, அதே பொய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மகளும் நம்பினாள்.

ஒன்பதாம் நாள் காலை மகாராணி மல்லாந்து கிடந்தாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால், பழைய தோல் பிளந்து, வெளுத்த புது உடம்போடு வெளியே வந்துகொண்டிருந்தாள். நான் தீனியாக விட்ட நான்கும் அவளைச் சூழ்ந்து கொறித்துக்கொண்டிருந்தன.

உடனே மகளைப் போனில் அழைத்தேன்.

"பூச்சிங்கள வெளிய எடுங்கப்பா! அவளத் தொட்டுடாதீங்க!"

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்குள் மகாராணிக்கு இரண்டு கால்கள் போயிருந்தன.

மறுநாள் ஊர் திரும்பிய மகள் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தோல் உரிக்கப்போற நேரத்துல சாப்பிட மாட்டாப்பா. உரிக்கும்போது பூச்சியும் உள்ள இருக்கக் கூடாது. அதுக்குத்தான் தினம் கேட்டேன். சாப்பிடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு என் சமையல் கௌரவம். அதற்கு விலை அந்த வாயில்லா ஜீவனின் இரண்டு கால்.

மகாராணி பிழைத்துக்கொண்டாள். அடுத்தடுத்துத் தோல் உரிக்கும்போது கால்கள் முளைத்துவிடுமாம்.

போன வாரம் மகள் மறுபடி வெளியூர் போனாள். மகாராணியைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனாள். இங்கே என் மனைவிக்குக் காய்ச்சல். சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா மாத்திரை போட்டாங்களாப்பா?"

"போட்டா." சத்தியமாகப் போட்டிருந்தாள்.



"அந்த மாத்திரை அட்டைய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

எடுத்து அனுப்பினேன்.