காப்பி வில்லை

எனக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கிறுக்கு என்று ஊரே சொன்னது. போட்டோவில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எனக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. வாய் திறந்து சொல்லத்தான் முடியவில்லை. எழுபத்தொன்பதில் வெண்ணந்தூர்ப் பக்கம் எந்தப் பெண் சொன்னாள்?

பேர் அருணகிரி. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. நல்ல சம்பளம், நல்ல குடும்பம். ஆனால் லீவு நாளில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கம்பு முனையில் தட்டு வைத்த ஒரு மெஷினோடு பழைய சந்தைமேட்டில் அலைகிறாராம். இது தோழிகள் என்னிடம் சொன்னது; அப்பா காதுக்குப் போனது கிறுக்கு என்பது மட்டும்தான். "நேர்ல போயி விசாரிச்சுட்டு வாரேன். சொன்னது நெசமா இருந்தா இந்தப் பேச்சை இன்னைக்கோட உட்டுரலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினார். அவருக்குப் போட்டோ பார்க்கும் வழக்கம் கிடையாது, ஆளைத்தான் பார்ப்பார்.

மத்தியானம் அப்பா திரும்பி வந்தார். கூடவே ஓர் ஆள். கையில் மெஷின்.

"தண்ணி பாக்கறவரு. சந்தைமேட்டுல பூமியைத் தடவிட்டு நின்னாரு, கையோட கூட்டியாந்துட்டேன்" என்று அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் காதோடு சொன்னார்.

"போன காரியம் என்னங்க ஆச்சு?"

"மாப்பிள்ளையை அடுத்த வாரங்கூட விசாரிக்கலாம். இந்த மாதிரி ஆளு மறுபடி கெடைக்குமா?"

எங்கள் ஊரில் கம்போடு காடு தோட்டத்தில் நடப்பவன் தண்ணீர் பார்ப்பவன்தான். வேறு எதற்கு நடப்பான்? எங்கள் கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "பூமிக்குள்ள இருக்கறதை இது காட்டுமுங்களா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "காட்டுமுங்க" என்று அவரும் சொல்லியிருக்கிறார். போகிற இடமெல்லாம் விரட்டப்பட்ட மனுஷனை ஒருவர் 'எங்க காட்டுக்கும் வாங்க சாமி' என்று கூப்பிட்டால் எந்த ஊர், யார் என்றா கேட்பார்?

வாசலில் என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் போட்டோவில் பார்த்த அதே முகம்; என் போட்டோவும் அவர் வீட்டுக்குப் போயிருந்ததே. அப்பாவுக்குத் தெரியாமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பேசாமல் நாலு இடம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதும், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும்.

காட்டில் மெஷின் கத்திய இடத்திலெல்லாம் முதலில் மாட்டு லாடமும் ஆணியும்தான் வந்தன. பட்டாளத்துக்காரர்கள் கண்ணிவெடி தேடிய பழைய மெஷினாம் அது. லாரி டிரைவர் ஒருவர் வடக்கே ஏலத்தில் எடுத்து வந்ததை இவர் ரிப்பேர் பண்ணி வைத்திருந்தார். புளியமரத்தடியில் அது விடாமல் கூவியது. அப்பா கடப்பாரையை இவரிடம் கொடுக்காமல் தானே குத்தினார். மண்ணோடு மண்ணாகப் பித்தளை வில்லைகள் வந்தன. ஒன்றை இவர் எடுத்து வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஓட்டை, சுற்றி 'ஒரு காப்பி' என்று எழுத்து.

"உலகச் சண்டைக்காலத்துல சில்லறை கெடைக்கலீங்க. மிச்சக் காசுக்குக் கடைக்காரங்க இதைக் குடுப்பாங்க. திரும்பக் கொண்டாந்து குடுத்தா காப்பி. இங்க வண்டிப்பேட்டை இருந்திருக்கோணுங்க" என்றார். பொங்கல் கண்ட குழந்தை மாதிரி முகம். நான் போட்டோவில் பார்த்ததைவிட நேரில் அழகாக இருந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா வில்லையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது கெடக்குதுங்க. இதுக்குக் கீழ தண்ணி எத்தனை அடியில?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. அப்பா முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினேன். இருநூறு என்று சொல்லித் தொலையட்டும். முன்பு தண்ணீர் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தானே சொன்னார்கள்?

"எனக்குத் தெரியாதுங்க. இது இரும்பு, பித்தளையத்தான் காட்டும். நான் தண்ணி பாக்கறவன் இல்லீங்க. நீங்க விசாரிக்க வந்த அருணகிரி நாந்தானுங்க."

இந்த மனுஷனுக்கு வாயை மூடவே தெரியாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா கடப்பாரையை மரத்தில் சாய்த்தார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"மூணு பேரு வந்தாங்க" என்றார் அப்பா. "தேங்காயை வெச்சுப் பாத்தான் ஒருத்தன், வேப்பங்குச்சிய வெச்சுப் பாத்தான் ஒருத்தன். ஆளாளுக்குத் தண்ணி பீச்சி அடிக்குமுன்னு சொல்லி, போர் போடற ரிக்கை உட்டுக் காட்டைப் பொத்தலாக்கிட்டுப் போனாங்க. என் காட்டுல நின்னு தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள செல்லாயி, ஊட்டுக்குப் போயி எலையப் போடு. மாப்பிள்ளை பசியோட நிக்கறாரு."

மாப்பிள்ளை என்றார். நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தேன். அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரைப் பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தில் உப்பே இல்லை. அதை மட்டும் அந்த உண்மைவிளம்பி சொல்லவே இல்லை.